எமனுக்கு ஒரு மறுப்பு

ஜீவராஜ் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது எமன் வந்தான்.

கையில் பாசக்கயிறு இல்லை. சுருட்டிய பேப்பர்தான் இருந்தது. பின்னால் எமனுடைய பெண்சாதி, அவள் இடுப்பில் ஒரு பிள்ளை.

"அடேய் நிருபரு! யாரப் பத்திடா எழுதியிருக்க?"

"என்னாண்ணே?" என்றான் ஜீவராஜ், வாய் நிறைய நுரையோடு.

எமன் என்றால் மூங்கில்மலைத் தேயிலைத் தோட்டத்து அழகன். மாசி மாதத்துக் காமன் கூத்தில் எமன் வேஷம் கட்டுகிறவன். கூத்து முடிந்தாலும் பேர் முடியாது. வருஷம் முழுக்க அவன் எமன்தான், அவன் பெண்சாதி எமன் வீட்டக்காதான்.

அழகன் பேப்பரை விரித்து, காலையில் பெரட்டுக்களத்தில் வேலையாட்களைப் பேர் கூப்பிடுகிற கங்காணி மாதிரிச் சத்தமாக வாசித்தான்.

"'காப்புக் கட்டிய கையில் கோழிக் கொத்து! புனித விரதத்துக்குப் பங்கம்! மூங்கில்மலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்காக விரதமிருக்கும் கலைஞர் ஒருவர், ஹட்டன் நகரிலுள்ள உணவகமொன்றில் கோழிக் கொத்து உட்கொண்டதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. இதனால் பிரதேசத்தில் பெரும் பரபரப்பு நிலவுகின்றது.' எங்கடா நிலவுது? நேத்து ராத்திரி எல்லாரும் ஒழுங்காத்தானே தூங்குனோம்! பேப்பரு வந்தப்புறந்தானே நிலவுது!"

வரிசை வீடான லயத்தின் எல்லாக் காம்பராக்களிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. ஜீவராஜ் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தினான்.

"அண்ணே, தகவல் தந்தவங்க யாரு, சாப்பிட்டது யாருன்னெல்லாம் நான் சொல்ல முடியாது. அதுக்குப் பேருதான் பத்திரிகை சுதந்திரம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மை என்னவென்றால், சாப்பிட்டது யாரென்று ஜீவராஜுக்கே தெரியாது.

நானும் ஒரு பிரதேச நிருபர்தான், அதனால் எங்கள் கூட்டத்தைப் பற்றி உரிமையோடு பேசுகிறேன். எங்களுக்கு வருஷம் முழுக்க மூன்றே செய்திதான். மண்சரிவு, சிறுத்தை, குளவி. 'குளவி கொட்டி எண்மர் வைத்தியசாலையில்' என்று ஒன்றை எழுதி வைத்துக்கொண்டால் போதும், எண்ணிக்கையை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பலாம். முன்பக்கத்தில் தன் பேரைப் பார்க்காமலே கிழடாகிப் போனவர்கள் எங்களில் ஏராளம். அப்படிப்பட்ட ஒருவன் ஹட்டன் பஸ் நிலையத்தில் வரிசையில் நிற்கிறான். பின்னால் யாரோ யாரிடமோ, "மூங்கில்மலையில காப்புக் கட்டுன ஆளு ஒண்ணு ஹசன் நானா கடையில கோழிக் கொத்து அடிக்குது!" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். திரும்பிப் பார்ப்பதற்குள் அவர்கள் பஸ் ஏறிப் போய்விடுகிறார்கள். இவன் என்ன செய்வான்?

ஹசன் நானாவின் கடை எதிர்ப்பக்கத்தில்தான் இருந்தது. தெருவைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டு, 'அப்படி ஒன்றும் இல்லையே' என்று அவர் சொல்லித் தொலைத்துவிட்டால்? கையில் கிடைத்த செய்தி போய்விடுமே! இந்த விஷயத்தில் நாங்கள் ரொம்பக் கவனம்.

காமன் கூத்து விரதம் என்றால் லேசுப்பட்டதல்ல. கம்பம் ஊன்றிய நாளில் காமன், ரதி, எமன், நந்தி, தூதன், சிவன், வீரபத்திரன் என்று ஏழு பேர் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். காமனை எரிக்கிற நாள்வரை கவிச்சி கிடையாது. வீட்டில் தனிப்பாய். ஒருவன் பிசகினாலும் தோட்டத்துக்கே ஆகாது. அவன் காப்பை அவிழ்த்து வேஷத்தைப் பறித்துவிடுவார்கள். அவ்வளவுதான் தண்டனை. ஆனால் அதற்குப் பிறகு அவன் பேரன் கல்யாணத்தில்கூட அந்தக் கோழியைப் பற்றிப் பேசுவார்கள்.

"இங்க பாரு ஜீவா," என்றாள் எமன் வீட்டக்கா. "இவரு கவிச்சியக் கண்ணாலயும் பாக்கல. ஆனா ஊரு என்னையப் பாத்துச் சிரிக்குது. இவரு இல்லன்னு பேப்பர்ல போடு. இல்லாட்டி இந்தப் புள்ளைய ஒங்க வீட்டுல விட்டுட்டு நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருவேன்."

பிள்ளை ஜீவராஜைப் பார்த்து மூக்கைச் சிந்தியது. அவன் உடனே கொழும்புக்கு அழைப்பெடுத்தான். 'மலைமுழக்கம்' நாளிதழின் மலையகப் பக்கத்துக்குப் பொறுப்பாசிரியர் கணேசமூர்த்தி.

"சார், ஒரு மறுப்பு போடணும்."

"அட, மறுப்பும் செய்திதானப்பா! போட்டோ அனுப்பு. வேஷத்தோட வேணாம், மூஞ்சி தெளிவா தெரியணும்."

மறுநாள் அழகன் பேப்பரில் சிரித்தான். 'இச்செய்திக்கும் எமன் வேடமேற்கும் அழகன் அவர்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.' எமன் வீட்டக்கா நாலு பேப்பர் வாங்கினாள்.

அன்று பின்னேரம் ஷாமிலா ஜீவராஜைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை மடுவத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். கூத்து மாஸ்டர் பழனியாண்டியின் மகள். காமனை எரித்த மறு வெள்ளிக்கிழமை இவளுக்கும் ஜீவராஜுக்கும் வெற்றிலை மாற்றுவதாகப் பேச்சு. பழனியாண்டி இப்போதே அவனை 'மாப்ள' என்றுதான் கூப்பிடுகிறார்.

"ஒருத்தன் வாயில என்னா போகுதுன்னு பாக்கவா ஒனக்கு பேப்பர்ல வேல குடுத்தாங்க?" என்றாள் ஷாமிலா.

"மக்களுக்கு அறியுற உரிமை இருக்கு ஷாமி."

"எங்க லயத்துக் கூரை ரெண்டு மழைக்காலமா ஒழுகுது. அத அறியுற உரிமை இல்லயா மக்களுக்கு?"

"மூணு தடவ எழுதி அனுப்பிட்டேன். எடமில்லன்னு போடல."

"கோழிக்கு எடம் இருந்துச்சா?"

"முன்பக்கத்துல," என்றான் ஜீவராஜ். வெட்கப்படுவதா பெருமைப்படுவதா என்று அவனுக்கே புரியவில்லை.

"அவன் விரதம், அவன் சாமி, அவன் வயிறு. அதுல ஒனக்கென்ன வேல? தின்னுருந்தாலும் அவனும் சாமியும் பேசித் தீத்துக்குவாங்க. நீ யாரு நடுவுல?"

"நான் நிருபரு."

"மண்ணாங்கட்டி!" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் காமனே வந்து நின்றான். சின்னத்தம்பி. நல்ல உயரம், சுருட்டை முடி, ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை.

"எமன் இல்லன்னு போட்டுட்ட. அப்ப மிச்சம் ஆறு பேரு. நான் காமன். மொத சந்தேகம் எம்மேலதானே வரும்? எனக்கும் போடு."

போட்டான். அதற்கும் மறுநாள் நந்தியும் தூதனும் ஒன்றாக வந்தார்கள். 'காமனும் இல்லையாமே' என்று ஊர் இப்போது இவர்களைப் பார்க்கிறதாம். அவர்களுக்கும் போட்டான். சிவன் வேஷக்காரர் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைக் கொண்டுவந்தார். வீரபத்திரன் ஸ்டூடியோவுக்கே போய், பின்னால் தாஜ்மகால் தெரிகிற மாதிரி எடுத்துவந்தான். காப்பே கட்டாத மேளக்காரர்கூட ஒரு படத்தை நீட்டினார். காப்புக் கட்டினால்தான் மறுப்பு என்று கணேசமூர்த்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஜீவராஜின் அம்மா அம்மாக்கண்ணுவுக்கும் ஆசை வந்துவிட்டது.

"அப்ப எம்பேரையும் ஒரு ஓரமா போடேன்டா. பெத்தவள ஒரு நாளாவது பேப்பர்ல போட்டியா?"

"நீ காப்பே கட்டலியேம்மா."

"அதையும் சேத்துப் போடு."

தோட்டத்துச் சில்லறைக் கடையில் பேப்பர் வந்த நிமிஷமே தீர்ந்தது. கணேசமூர்த்தி அழைத்து, "ஜீவராஜ், நீதான்யா நிருபன்!" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்களில் பலர் வீட்டையே எழுதிக் கொடுப்போம். ஜீவராஜ் அன்று தலைசீவிக்கொண்டு தோட்டத்தைச் சும்மாவே இரண்டு சுற்றுச் சுற்றினான்.

சுற்றி வரும்போதுதான் அந்தச் சனியன் அவன் மண்டையில் ஏறியது. ஏழு பேரில் ஆறு பேர் இல்லை என்று பேப்பரில் வந்தாயிற்று. அப்படியென்றால்?

ரதி!

ரதி வேஷம் கட்டுவது திலக்ஷன். பழனியாண்டியின் மகன், ஷாமிலாவின் கூடப் பிறந்த அண்ணன். ஹட்டனில் கைபேசி பழுதுபார்க்கிற கடையில் வேலை. ஏழு பேரில் தினமும் ஹட்டனுக்குப் போய் வருகிறவன் அவன் ஒருவன்தான். ஜீவராஜ் ஓடிப்போய் அவனைப் பஸ்ஸடியில் பிடித்தான்.

"மச்சான், ஒனக்கும் ஒரு மறுப்பு போட்டுருவோம். ஒரு போட்டோ குடு."

"நான் எதயாச்சும் தின்னேனா?"

"சேச்சே, இல்ல."

"அப்ப எதையடா மறுக்கிறது?" என்றான் திலக்ஷன். கோபம்கூட இல்லை. அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பெட்டியைப் பைக்குள் தள்ளிவிட்டு பஸ் ஏறிவிட்டான்.

அன்று பின்னேரம் காமன் பொட்டலில் கூட்டம் கூடிவிட்டது. கம்பத்தைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக நின்றார்கள். அதிகமாகச் சத்தம் போட்டது எமன்தான்.

"வெரதம்னா வெளையாட்டா? நாங்கெல்லாம் நாக்கக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்குறோம். ஒருத்தரு மட்டும் டவுனுல கோழி திங்குறாரா?"

"தோட்டத்துக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றான் காமன். நந்தி காறித் துப்பினான். வீரபத்திரனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

திலக்ஷன் தகப்பனைப் பார்த்தான். "அப்பா, நீங்களும் நம்புறீங்களா?"

"நான் நம்புறதுல என்னடா இருக்கு?" என்றார் பழனியாண்டி. "மத்த ஆறு பேரும் இல்லன்னு பேப்பர்ல வந்திருச்சி. ஒம்பேரு மட்டும் வரல."

மாஸ்டர் என்பதால் காப்பை அவர்தான் அவிழ்க்க வேண்டும். முடிச்சு இறுகியிருந்தது. மகன் முகத்தைப் பார்க்காமல், நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார். அதைப் பார்த்தபோது ஜீவராஜுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ரதி வேஷம் வீரபத்திரனின் தம்பிக்குப் போனது. திலக்ஷன் வீட்டுக்கு நடந்தபோது சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே போய் "கொக்கரக்கோ!" என்றார்கள்.

பழனியாண்டி ஜீவராஜைத் தாண்டிப் போகும்போது, "கொஞ்சம் வழி விடுங்க தம்பி," என்றார்.

மாப்ள போய்த் தம்பி வந்துவிட்டது.

ஷாமிலா அழுது வீங்கிய கண்ணோடு நேரே வந்தாள். "எங்கண்ணன் கையில காப்பு திரும்ப ஏறணும். ஏறலேன்னா நீ எந்த வீட்டுக்கு வேணும்னாலும் வெத்தலத் தட்டோட போ. எங்க வாசலுக்கு வராத."

அவன் உடனே கணேசமூர்த்திக்கு அழைப்பெடுத்தான்.

"சார், ரதிக்கும் ஒரு மறுப்பு. அவசரம்."

"முடியாதுப்பா."

"ஏன் சார்? ஆறு பேருக்குப் போட்டீங்களே!"

"அதனாலதான் முடியாது. ஏழு பேரும் சாப்பிடலன்னா நம்ம செய்தி பொய்யாயிரும்ல? யாராவது ஒருத்தராவது சாப்பிட்டிருக்கணும். பத்திரிகையோட நம்பகத்தன்மைன்னு ஒண்ணு இருக்குய்யா."

"சார், அவரு என் மச்சான்!"

"அப்ப சுத்தமா முடியாது. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டலாமா? உண்மையாச் சாப்பிட்டது யாருன்னு ஆதாரத்தோட கொண்டா, அப்பப் பாப்போம்."

வேறு வழியில்லாமல் ஜீவராஜ் அந்த வாரத்தில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்லத் துணிந்தான். நேராகப் பழனியாண்டியிடம் போய், "மாமா, சாப்பிட்டது யாருன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல யாரோ பேசுனதக் கேட்டு எழுதிட்டேன். நான் ஒரு முட்டாப் பயலு," என்று சொல்லி முடித்தான்.

பழனியாண்டி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"மச்சானக் காப்பாத்த இம்புட்டுப் பெரிய பொய்யச் சொல்றீங்க. நல்ல மனசு. ஆனா பேப்பர்ல வந்தது பொய்யாகுமா? போய்ட்டு வாங்க தம்பி."

எங்கள் எழுத்தை இந்த அளவுக்கு நம்புகிற வாசகர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஜீவராஜ் பின்பக்கம் போய், யாரும் பார்க்காமல், கொஞ்சம் அழுதான்.

மறுநாள் காலை அவன் ஹட்டனுக்கு பஸ் ஏறினான். செய்தி எழுதுவதற்கு முன்னால் தாண்டியிருக்க வேண்டிய தெருவை ஒரு வழியாகத் தாண்டினான்.

ஹசன் நானா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே கொத்து ரொட்டிக்காரன் இரண்டு தகட்டையும் வைத்துத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தான். நானா தாடியைத் தடவிக்கொண்டு, "வாங்க தம்பி, என்ன சாப்புடுறீங்க?" என்றார்.

"சாப்பிட வரல நானா. மூங்கில்மலையில இருந்து வர்றேன். பேப்பர்காரன்."

"ஆ, அந்தக் கோழிக் கொத்து! வாசிச்சேன், வாசிச்சேன்."

ஜீவராஜ் கைபேசியில் திலக்ஷனின் படத்தை எடுத்துக் காட்டினான். "இவரு இங்க வந்தாரா நானா? கையில மஞ்சக் காப்போட?"

நானா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "இவரா? இவரு அந்தப் போன் கடையில வேல செய்ற பொடியன் தானே? தெருவுல போகக் கண்டிருக்கேன். நம்ம கடைக்குள்ள ஒரு தேத்தண்ணிக்குக் கூட வந்ததில்ல."

"அல்லா மேல சத்தியமா?"

"இதுக்கெல்லாம் எதுக்குத் தம்பி சத்தியம்? வரல்லண்டா வரல்லதான்."

ஜீவராஜுக்கு உயிர் வந்தது. கல்லா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்ப வந்தது யாரு நானா? அத மட்டும் சொல்லிருங்க. என் கல்யாணமே அதுலதான் நிக்குது."

"அதச் சொல்ல ஏலாது." நானா தலையை ஆட்டினார். "யாரு வந்தாங்க, என்ன திண்டாங்க எண்டு வெளிய சொல்றது சரியில்ல. ஒவ்வொருத்தரும் தனித்தனியா, ஸ்வெட்டர் கைய கீழ இழுத்து விட்டுக்கிட்டு, மறைவா வந்து சாப்பிட்டுட்டுப் போறாங்க. அது அவங்கட சொந்த விஷயம்."

"ஒவ்வொருத்தருமா?" ஜீவராஜ் திகைத்தான். "ஒரு ஆளு இல்லயா நானா?"

நானா அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில், வடை சுற்றிக் கொடுக்க வைத்திருந்த பழைய 'மலைமுழக்கம்' கட்டைத் தட்டிக் காட்டினார்.

"நான் யாரையும் காட்டிக் குடுக்கக் கூடாதுண்டு வாய மூடிட்டு இருந்தேன், நீங்கதானே தம்பி, நம்ம கடைக்கு வந்த ஆறு பேரையும் ஒரு ஆளு விடாம போட்டோவோட போட்டுட்டீங்க!"